ஆடி வெயிலுக்கும் ஐப்பசி வெயிலுக்கும் நடுவே 300 வாட்

உடன்குடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 335 வாட் பாலி (பாலிகிரிஸ்டலைன் சிலிக்கன்) சோலார் பேனல்கள் ஒன்பது இருக்கின்றன. மொத்தம் 3 கிலோவாட்டுக்குச் சற்று மேலே. தெற்கு நோக்கி 10 டிகிரி சாய்வு. தினமும் உச்சிநேரத்தில் இன்வெர்ட்டர் காட்டும் வாட் கணக்கை ஒரு நோட்டில் எழுதிவைப்பது என் வழக்கம். இந்த வேலை முழுக்க அந்த நோட்டிலிருந்துதான் தொடங்கியது.

2023 ஜூலை 20, ஆடி நான்காம் நாள். வானத்தில் மேகமே இல்லை, கண்ணைக் கூசும் வெயில். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் 1,12,000 காட்டியது. இன்வெர்ட்டர் 2,070 வாட். அதே ஆண்டு நவம்பர் 12, ஐப்பசிக் கடைசி. முதல் நாள் மழை பெய்து ஓய்ந்து வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. லக்ஸ் மீட்டர் 1,01,000 தான் காட்டியது. இன்வெர்ட்டரோ 2,370 வாட். வெளிச்சம் பத்து சதவீதம் குறைந்திருக்க, மின்சாரம் பதினைந்து சதவீதம் கூடியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 27 சதவீத முரண்.

பேனல் மாட்டித் தந்த தம்பியிடம் கேட்டேன். "அண்ணாச்சி, வெயில் கூடினால் கரண்டும் கூடும் என்று நினைக்காதீர்கள். சூடு ஏறினால் பேனல் சோர்ந்துவிடும்" என்றார். அவர் சொன்னது உண்மை. பேனலின் பின்பக்க ஸ்டிக்கரிலேயே ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் குறையும் என்று போட்டிருக்கிறது. ஆனால் சூட்டை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஏழு சதவீதத்துக்கு மேல் வரவில்லை. மீதி இருபது எங்கே போனது? ஈரக்காற்று சூரிய ஒளியின் நிறத்தை மாற்றுகிறது, அதனால் பேனலின் விளைச்சலும் மாறும் என்று படித்திருந்தேன். அந்த இருபதும் நிறத்தால் வந்ததுதான் என்று முடிவே கட்டிவிட்டேன். அதை அளந்து காட்டவேண்டும் என்று இறங்கினேன்.

முதலில் கையில் எடுத்தது வண்ணக் கண்ணாடித்தாள். பரிசுப் பொருளைச் சுற்றும் அதே செல்லோபேன் தாள்தான். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்த்து 30 ரூபாய். 750 ரூபாய்க்கு ஒரு 10 வாட் பாலி பேனல் வாங்கினேன். அதன் மேல் ஒவ்வொரு தாளாக விரித்து மின்னோட்டத்தை அளந்தேன். சிவப்புத் தாளுக்கு, தாள் இல்லாதபோது இருந்ததில் 70 சதவீதம், பச்சைக்கு 58, நீலத்துக்கு 55. கூட்டினால் 183. மூன்று பங்காகப் பிரித்த ஒளி எப்படி முழுசைவிடப் பெரிதாக முடியும்? தாளை இரண்டாக மடித்துப் போட்டேன், மூன்றாக மடித்துப் போட்டேன். கண்ணுக்கு ஏறக்குறைய இருட்டாகத் தெரிந்த நீல மடிப்புக்குக் கீழேயும் பேனல் பாதி மின்னோட்டம் தந்துகொண்டிருந்தது.

விடை கிடைத்தது டிவி ரிமோட்டில். ரிமோட்டின் முனையில் இருக்கும் சிறு பல்பு அகச்சிவப்பு ஒளியை விடுகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவில் வெளிர் ஊதாப் புள்ளியாகத் தெரியும். கேமராவுக்கும் ரிமோட்டுக்கும் நடுவே நீலத் தாளைப் பிடித்தேன். புள்ளி கொஞ்சமும் மங்கவில்லை. பச்சைத் தாளிலும் அப்படியே, சிவப்பிலும் அப்படியே. கண்ணுக்குத் தெரியும் நிறத்தைத்தான் இந்தத் தாள்கள் தடுக்கின்றன. அகச்சிவப்பை அப்படியே உள்ளே விட்டுவிடுகின்றன. சிலிக்கன் பேனலோ ஏறக்குறைய 1,100 நானோமீட்டர் அலைநீளம் வரை பார்க்கும். நம் கண் 700-ஐத் தாண்டாது. என் கண்ணை நம்பி வடிகட்டி தேர்ந்தெடுத்தது தவறு.

லக்ஸ் மீட்டருக்கும் இதே குறை என்பது அப்போதுதான் உறைத்தது. அது மனிதக் கண்ணைப் போலப் பார்க்கும்படி செய்த கருவி. பச்சைக்கும் மஞ்சளுக்கும் மதிப்பு அதிகம், அகச்சிவப்புக்கு மதிப்பே இல்லை. வாசிப்பதற்கு மேசை விளக்கு போதுமா என்று பார்க்க நல்லது. பேனலுக்கு எவ்வளவு தீனி கிடைக்கிறது என்று பார்க்க ஆகாது. 1,450 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தேன்.

அடுத்த திட்டம் எளிமையானது, நல்ல பலனும் தந்தது. வேறு வேறு எல்லை வரை பார்க்கும் இரண்டு பேனல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. ஒன்று அந்த 10 வாட் பாலி. மற்றது அமார்ஃபஸ் சிலிக்கன் பேனல். பழைய கால்குலேட்டரின் நெற்றியில் பழுப்பு நிறப் பட்டையாக இருக்குமே, அந்த வகை. அது ஏறக்குறைய 730 நானோமீட்டரோடு நின்றுவிடும். அதாவது ஊதாவிலிருந்து சிவப்பு வரை இரண்டுமே பார்க்கும். அகச்சிவப்பைப் பாலி மட்டும் பார்க்கும். அமார்ஃபஸின் மின்னோட்டத்தைப் பாலியின் மின்னோட்டத்தால் வகுத்தால் வரும் எண் கூடினால் ஒளியில் நீலப் பக்கம் ஓங்கியிருக்கிறது, குறைந்தால் சிவப்புப் பக்கம் ஓங்கியிருக்கிறது என்று அர்த்தம். மொத்த வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் வகுத்தலில் அது அடிபட்டுப் போகும்.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போன சமயத்தில் புதிய 5 வாட் அமார்ஃபஸ் பேனல் ஒன்றை 650 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். ஒரு பிளைவுட் பலகையில் இரண்டையும் அறைந்து, பெரிய பேனல்களுக்குப் பக்கத்தில் அதே 10 டிகிரி சாய்வில் நிறுத்தினேன். ஒவ்வொன்றின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே 0.1 ஓம், 5 வாட் மின்தடை ஒன்று. மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் அளவில் வைத்து அந்த மின்தடையின் மேல் விழும் மின்னழுத்தத்தைப் படிக்கவேண்டும். 57.4 மில்லிவோல்ட் என்றால் 574 மில்லி ஆம்பியர். மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளை வழியாக நேரடியாக அளந்தும் பார்த்தேன். கம்பி முனையைச் சற்று அழுத்திப் பிடித்தால் ஓர் எண், தளர விட்டால் ஓர் எண். மின்தடையைப் பற்றவைத்த பிறகுதான் எண்கள் நிலைத்து நின்றன.

டிசம்பர் முதல் வாரத்தில் எழுதத் தொடங்கினேன். விகிதம் ஒவ்வொரு வாரமும் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. ஆறு வாரத்தில் 6 சதவீதம். மழைக்காலம் முடிந்து காற்று காய்வதால் ஒளி சிவப்புப் பக்கம் சாய்கிறது என்று நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டேன். ஜனவரிக் கடைசியில் சந்தேகம் வந்தது. அடுத்தடுத்த இரண்டு நாட்களில் ஒன்று பனிமூட்டமாகவும் ஒன்று தெளிவாகவும் இருந்தும் விகிதத்தின் இறக்கம் கொஞ்சமும் மாறவில்லை. ஒளியின் நிறம் மாறினால் இப்படிக் கோடு கிழித்தாற்போல் இறங்காது.

இறங்கியது ஒளியல்ல, பேனல். அமார்ஃபஸ் சிலிக்கன் புதிதாக வெயில் காணும்போது முதல் சில வாரங்களில், மாதங்களில் தன் திறனில் ஒரு பகுதியை இழக்கும். 1977-இல் ஸ்டேப்ளர், விரான்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் கண்டது இது. அவர்கள் பெயரிலேயே வழங்குகிறது. இன்னொரு சிக்கல், நல்ல சூட்டில் அந்த இழப்பு ஓரளவு ஆறியும் விடும். எங்கள் ஊர் மாடியில் கோடையில் அந்தச் சூடு இருக்கிறது. ஆகவே புதிய அமார்ஃபஸ் பேனலை வைத்துப் பருவம் பருவமாக நிறம் அளந்தால், பேனலின் நோயும் ஆற்றமும் ஒளியின் நிறம்போல வேடம் போடும். எட்டு வார அளவுகளைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டேன். மனம் கனத்தது.

பிப்ரவரியில் பழைய சோலார் லாந்தர் ஒன்றின் அமார்ஃபஸ் பேனல் பக்கத்து வீட்டுப் பரணில் கிடைத்தது. பல வருடம் வெயிலில் கிடந்து தணிந்துபோன பேனல்; எனக்கு வேண்டியதும் அதுதான். அதைப் பலகையில் ஏற்றி, ஏப்ரல் இரண்டாம் வாரம் வரை காத்திருந்தேன். உடன்குடியில் அந்த வாரத்தில் சூரியன் உச்சியில் நேர் தலைக்கு மேலே நிற்கும். ஒளி காற்றுமண்டலத்தின் மிகக் குறைந்த தடிமனைக் கடந்து வரும் நேரம். அன்று உச்சியில் பாலி 57.4 மில்லிவோல்ட், அமார்ஃபஸ் 31.2. இந்த விகிதத்தை 1.00 என்று வைத்துக்கொண்டேன்.

பேனல் ஸ்டிக்கரில் இருக்கும் வாட் கணக்கு இதற்கு வேறான ஒளியில் அளந்தது என்பதையும் சொல்லவேண்டும். அந்தத் தரச் சோதனைக்குச் சூரியன் உச்சியிலிருந்து சுமார் 48 டிகிரி சரிந்து, ஒன்றரை மடங்கு காற்றைக் கடந்து வரும் ஒளியை எடுத்துக்கொள்கிறார்கள். பேனலின் சூடு 25 டிகிரி. எங்கள் ஊரில் மார்கழியில்கூட உச்சிச் சூரியன் 32 டிகிரிக்கு மேல் சரிவதில்லை. ஸ்டிக்கர் சொல்லும் ஒளி எங்களுக்குக் காலை ஒன்பது மணியை ஒட்டியும், மாலை மூன்றரையை ஒட்டியும்தான் கிடைக்கும். ஸ்டிக்கர் சொல்லும் 25 டிகிரியை எங்கள் பேனல் வெயிலில் ஒருநாளும் கண்டதில்லை.

அளவுகள் இப்படி வந்தன. ஏப்ரல் காலை 6.50-க்கு, சூரியன் பனைமர உச்சியை விட்டு எழுந்த நேரத்தில், பாலி 6.8, அமார்ஃபஸ் 3.1, விகிதம் 0.84. நீண்ட காற்றுப் பாதையில் நீலம் சிதறிப்போய்ச் சிவப்பே மிஞ்சுகிறது. மறு நவம்பரில், மழை விட்டு வெண்மேகம் முழுக்க மூடிய நண்பகலில் 19.6, 11.4, விகிதம் 1.07. மேகத்தில் இருக்கும் நீர் அகச்சிவப்பை விழுங்கிவிட, நீலப் பக்கம் ஓங்குகிறது. ஜூலை வறண்ட காற்றில், கண்ணாடியைத் துடைத்துவிட்டு அளந்தால் 0.98. ஆக, நிறம் மாறுகிறது என்பது உண்மை. என் பலகையில் நாளுக்கு நாள் கண்ணால் பார்த்தேன். ஈரமான வெப்ப ஊர்களில் அமார்ஃபஸ் போன்ற மென்படலப் பேனல்களுக்கு நிறத்தால் சில சதவீத லாபம் உண்டு என்று சொல்வதும் இந்த 1.07-ஐப் போன்றவற்றைத்தான்.

ஆனால் என் மாடியில் இருப்பது பாலி. அதற்கு எவ்வளவு? அதை அறிய எல்லா நிறத்தையும் ஒரே கண்ணோடு பார்க்கும் கருவி வேண்டும். தெரிந்தவர் ஒருவர் வழியாகக் கல்லூரி ஆய்வகத்தின் தெர்மோபைல் பைரனோமீட்டர் நவம்பரில் ஐந்து நாள் கிடைத்தது. கறுப்புப் பூச்சு ஒளியால் சூடேறுவதை அளக்கும் கருவி அது. ஏறக்குறைய 300 முதல் 2,800 நானோமீட்டர் வரை ஒரே மாதிரிப் பார்க்கும். அதையும் பலகையின் சாய்விலேயே வைத்துப் பாலியோடு ஒப்பிட்டேன். தெளிந்த நாள், புழுங்கும் நாள், மேகமூட்ட நாள் மூன்றிலும் வேறுபாடு 2 சதவீதத்துக்குள் அடங்கியது. காரணம் புரிந்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. நீராவி விழுங்குவதில் பெரும்பகுதி 1,100 நானோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அதைச் சிலிக்கன் ஏற்கெனவே பார்ப்பதில்லை. இல்லாததை இழக்க முடியாது. 940 நானோமீட்டர் அருகே ஒரு பட்டையில் மட்டும் சிலிக்கனுக்கும் கொஞ்சம் நட்டம்.

அப்படியானால் அந்த 27 சதவீதம்?

பழைய நோட்டை மறுபடி விரித்தேன். லக்ஸ் மீட்டரை எங்கே வைத்து அளந்தேன் என்று யோசித்தேன். மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல், படுக்கையாக. பேனலோ தெற்கே 10 டிகிரி சாய்ந்திருக்கிறது. ஆடியில் எங்களுக்கு உச்சிச் சூரியன் வடக்கே 12 டிகிரியில் நிற்கும். பேனலுக்கு அது 22 டிகிரி சரிவு. ஐப்பசிக் கடைசியில் சூரியன் தெற்கே 26 டிகிரியில். பேனலுக்கு வெறும் 16 டிகிரி. படுக்கையாகக் கிடந்த மீட்டருக்கு ஆடி சாதகம், பேனலுக்கு ஐப்பசி சாதகம். பரவிய ஒளியையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு கணக்கிட்டால் இது ஒன்றே 12 சதவீதம். பின்பக்கச் சூடு ஆடியில் 58, ஐப்பசியில் 42, அதற்கு 7. இவை கூட்டலாக அல்ல, பெருக்கலாகச் சேர்பவை; 1.27-ஐ 1.12-ஆலும் 1.07-ஆலும் வகுத்தால் மிச்சம் 6 சதவீதம்.

அந்த ஆறு என் துணியிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் தேரிக்காடு. கண்ணுக்கு எட்டிய தூரம் செம்மணல். ஆடிக்காற்று அதை அள்ளிக்கொண்டு வரும். இரண்டாம் ஆடியில், 2024-இல், பத்து நாள் துடைக்காமல் விட்டிருந்த பேனலில் ஈர வெள்ளைத் துணியை ஒரு கை அகலத்துக்கு இழுத்தேன். துணியில் செங்கல்லை உரைத்தாற்போல் ஒரு பட்டை. விரலில் தேய்த்தால் மணல் நெருநெருப்பு இல்லை, மாவுபோல வழுவழுப்பு. ஒன்பதையும் கழுவுவதற்கு முன்னும் பின்னும் பத்து நிமிட இடைவெளியில் இன்வெர்ட்டரைப் பார்த்தேன். 6 சதவீதம் ஏறியது. கணக்கு மூடிவிட்டது. நிறத்துக்கு என்று தனியே எதுவும் மிஞ்சவில்லை.

நிறம் இங்கே வேறு வழியில் வந்தது. செம்புழுதி சிவப்பாக இருப்பதே அது நீலத்தை விழுங்குவதால்தானே? அதை அளக்க 120 ரூபாய்க்கு 4 மில்லிமீட்டர் ஜன்னல் கண்ணாடி ஒன்றைப் பலகை அளவுக்கு வெட்டி வாங்கி, மாடியில் பத்து நாள் படுக்கையாகப் போட்டுப் புழுதி படியவிட்டேன். பிறகு அதைப் பாலி மேலும் அமார்ஃபஸ் மேலும் மாறி மாறி வைத்தேன். என் எதிர்பார்ப்புக்கு நேர்மாறாகப் பாலிதான் அதிகம் இழந்தது. கண்ணாடியைக் கழுவிவிட்டு வைத்துப் பார்த்தேன். சுத்தமான கண்ணாடியே பாலியில் 15 சதவீதமும் அமார்ஃபஸில் 11 சதவீதமும் தின்றுவிட்டது.

குழப்பத்தோடு உட்கார்ந்திருந்தபோது மகள் கண்ணாடியைப் பக்கவாட்டில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதன் ஓரம் பச்சையாக இருக்கிறது. பெரிய பேனலின் கண்ணாடி ஓரம் வெள்ளையாக இருக்கிறதே" என்றாள். ஆம். சாதாரணக் கண்ணாடியில் இரும்பு கலந்திருக்கும். அந்தப் பச்சை அதன் அடையாளம். அந்த இரும்பு அகச்சிவப்பையும் விழுங்கும். பேனலுக்கு இரும்பு குறைந்த கண்ணாடி போடுவது இதற்காகத்தான். சுத்தக் கண்ணாடியை அடிப்படையாக வைத்து மறுபடி கணக்கிட்டபோது புழுதியின் பங்கு பாலியில் 7, அமார்ஃபஸில் 10 சதவீதம் என்று வந்தது. தேரிப் புழுதிக்கு மென்படலப் பேனல் கூடுதலாக அடிபடும். மழைக்காலத்தில் நிறத்தால் அது சம்பாதிப்பதை ஆடியில் பத்து நாள் சோம்பல் எடுத்துக்கொண்டு போய்விடும்.

செலவு: லக்ஸ் மீட்டர் 1,450, பாலி 750, புதிய அமார்ஃபஸ் 650, பின்பக்கச் சூடு பார்க்கும் வெப்பமானி 350, பிளைவுட் 200, கண்ணாடி 120, மின்தடைகள் 40, வண்ணத்தாள் 30. மொத்தம் 3,590 ரூபாய். மறுபடி செய்தால் முதல் செலவையும் புதிய அமார்ஃபஸையும் விட்டுவிடுவேன். அந்தப் பணத்தில் சிறு சிலிக்கன் பேனலையே பைரனோமீட்டரோடு ஒப்பிட்டு அளவுக்கருவியாக ஆக்கிக்கொள்ளலாம். என் பேனல் எதைப் பார்க்கிறதோ அதையே அதுவும் பார்க்கும். மின்தடையை 0.1-க்குப் பதில் 1 ஓம் போடுவேன். காலையில் 3.1 மில்லிவோல்ட் என்று படிக்கும்போது கடைசி இலக்கம் ஒன்று பிசகினாலே 3 சதவீதம் பிழை, அந்த 0.84-ஐ 0.81 முதல் 0.87 வரை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். உச்சிநேரத்தையும் கடிகாரத்தின் 12 மணி என்று வைத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் ஊரில் ஜூலை 20-இல் அது 12.24, நவம்பர் 12-இல் 12.02. காட்மியம் டெலுரைடு என்ற இன்னொரு மென்படல வகைப் பேனல் ஒன்றும் கிடைத்தால் பலகையில் மூன்றாவதாக ஏற்றவேண்டும். அது பார்ப்பது சுமார் 860 நானோமீட்டர் வரை, இந்த இரண்டுக்கும் நடுவே.

மாடியில் இரண்டு மாற்றங்கள் செய்தேன். பேனலுக்கும் தளத்துக்கும் நடுவே இருந்த 4 அங்குல இடைவெளியை 9 அங்குலமாக உயர்த்தினேன். கூலியோடு 4,200 ரூபாய். பின்பக்கச் சூடு 3 டிகிரி இறங்கியது, அதாவது 1.2 சதவீதம். செலவுக்கு அது குறைவுதான்; முதலில் மாட்டும்போதே உயர்த்தியிருந்தால் கம்பி விலையோடு போயிருக்கும். மற்றது, ஆடி முழுவதும் ஐந்து நாளுக்கு ஒருமுறை விடியற்காலையில், கண்ணாடி சூடேறுமுன் கழுவுவது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு; காய்ந்தால் வெள்ளைப் படலம் விட்டுவிடும். அதனால் கார்த்திகையில் தொட்டியில் பிடித்துவைத்த மழைத் தண்ணீரைப் பேனலுக்கென்று தனியே ஒதுக்கியிருக்கிறேன். ஒரு கழுவலுக்கு இரண்டு குடம் போதும்.

பலகை இன்னும் மாடியில்தான் இருக்கிறது. இன்று காலை மழை விட்டபின் பார்த்தேன்: பாலி 22.3, அமார்ஃபஸ் 12.9.